காசு வாங்காமலும் பொய் எழுதலாம்

இங்கே ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான்: எல்லா விமர்சகர்களும் பாராட்டிய ஒரு படத்துக்குப் போய் ஏமாந்து வந்திருக்கிறார். ஒரே ஒருவர் மட்டும் அந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தாராம். இனிமேல் அப்படித் தயவுதாட்சண்யம் இல்லாமல் பேசுகிறவர்களை மட்டும் நம்பினால் போதுமா, மற்றவர்கள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா என்று கேட்கிறார். இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். எழுதுகிறவருக்கும் படத்துக்கும் நடுவே யாராவது நிற்கிறார்களா என்பதை வெளியில் இருக்கும் வாசகர் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஆனால் கடுமையை அதற்கு அளவுகோலாக வைத்துக்கொண்டால் மறுபடியும் ஏமாறுவீர்கள். ஆள் மட்டும்தான் மாறியிருப்பார்.

நான் பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாளிதழின் சினிமாப் பக்கத்தில் இருந்தேன். முதல் ஒன்பது ஆண்டுகள் நிருபராகவும் விமர்சகராகவும், பிறகு மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் மேசையிலும். தொலைக்காட்சி நிறுவனத்துக்குள் வேலை செய்ததில்லை. ஆகவே அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதை வாசலில் நின்று பார்த்தவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி அமெரிக்க உதாரணங்களைக் காட்டப் போகிறேன். அங்கே அதிகம் தப்பு நடக்கிறது என்பதால் அல்ல. நடந்த தப்பு நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் பதிவாகி, பெயரோடும் தேதியோடும் கிடைக்கிறது என்பதால்.

முதலில் காசு. காசு கொடுத்து விமர்சனம் வாங்குவது உண்டா? உண்டு, சந்தேகமே வேண்டாம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் வல்ச்சர் இணையதளம் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பங்கர் 15 என்ற விளம்பர நிறுவனம் அதிகம் அறியப்படாத விமர்சகர்களுக்கு ஒரு விமர்சனத்துக்கு 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்து வந்ததை அம்பலப்படுத்தியது. விமர்சனங்களைத் தொகுத்துச் சதவீதம் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 46 சதவீதத்தில் கிடந்த ஒரு சிறிய படம், இந்த நிறுவனம் தலையிட்ட பிறகு 62 சதவீதத்துக்கு ஏறியது. 60 என்பது அந்தத் தளத்தில் 'நல்ல படம்' என்ற முத்திரை விழும் கோடு என்பதைச் சேர்த்துப் படியுங்கள். அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது இன்னொரு விவரம். படம் பிடிக்காதவர்களை நிறுவனம் மிரட்டவில்லை. எதிர்மறை விமர்சனத்தை அந்தத் தளம் கணக்கில் எடுக்காத ஏதாவது சின்ன வலைப்பூவில் போட்டுக்கொள்ளலாம் என்று பணிவாக வழி காட்டியது. கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை!

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 2000, 2001ஆம் ஆண்டுகளில் கொலம்பியா பிக்சர்ஸ் படங்களின் விளம்பரங்களில் டேவிட் மேனிங் என்ற விமர்சகரின் பாராட்டு தொடர்ந்து வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஒரு சிறு வார இதழின் விமர்சகர் என்று போட்டிருந்தார்கள். நியூஸ்வீக் நிருபர் ஜான் ஹார்ன் விசாரித்தபோது அப்படி ஓர் ஆளே கிடையாது என்று தெரிந்தது. தாய் நிறுவனமான சோனியின் விளம்பரப் பிரிவே அவரைப் படைத்திருந்தது. பிறகு வழக்கு வந்து, 2005இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் தலைக்கு 5 டாலர் திரும்பக் கேட்கலாம் என்றார்கள். காசுக்குப் பாராட்டும் விமர்சகர்கள் கடைவீதியில் மலிந்து கிடந்தால், ஒரு பெரிய நிறுவனம் இல்லாத ஓர் ஆளை எதற்காகப் பெற்றுப் பெயர் வைக்க வேண்டும்? அந்தக் கேள்வியை அப்போதே எனக்குள் கேட்டுக்கொண்டேன். என் அனுபவமும் அதையே சொல்கிறது. நேரடியாகப் பணம் கை மாறுவது நடக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது இந்தத் தொழிலை நடத்தவில்லை. இது என் அனுபவத்தின் எல்லைக்குள் நான் சொல்வது, கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

தொழிலை நடத்துவது வேறொன்று. உள்ளே விடுவார்களா, மாட்டார்களா என்பதுதான் அது. ஒரு நடிகரின் பேட்டி, படப்பிடிப்புத் தளத்துக்கு அழைப்பு, வெளியாவதற்கு முன் படத்தைக் காட்டும் காட்சி, ஒரு செய்தி முதலில் உங்கள் கைக்கு வருவது: இவை எதற்கும் ரசீது கிடையாது, வருமான வரி கிடையாது. ஆனால் இவை இல்லாமல் ஒரு சினிமாப் பக்கத்தை நிரப்ப முடியாது. இவற்றைத் தருகிறவரும் நிறுத்துகிறவரும் ஒரே ஆள், படத்தின் மக்கள் தொடர்பாளர். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய வேலை அதுதான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு ஹோட்டலின் ஒரு மாடி முழுவதையும் படக்குழு எடுத்திருக்கும். ஓர் அறையில் நடிகர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் படத்தின் சுவரொட்டி, அவர் எதிரில் ஒரு காலி நாற்காலி. வெளியே தாழ்வாரத்தில் இருபது பேர் வரிசையாகக் காத்திருப்போம். ஆளுக்கு ஆறு நிமிடம். உள்ளே போவதற்கு முன் ஒரு பெண் சிரித்த முகத்தோடு மூன்று விஷயங்களைச் சொல்லுவார்: மணவிலக்கு பற்றிக் கேட்க வேண்டாம், முந்தைய படம் பற்றிக் கேட்க வேண்டாம், அடுத்த படம் பற்றியும் கேட்க வேண்டாம். ஆக எஞ்சுவது இந்தப் படம் எவ்வளவு பிடித்திருந்தது என்பது மட்டும். நீங்கள் நாற்காலியில் உட்காருகிற போது அந்த நடிகர் பதினான்காவது முறையாக அதே நகைச்சுவையைச் சொல்லத் தயாராக இருப்பார். ஐந்தாவது நிமிடத்தில் கதவருகே நிற்பவர் ஒரு விரலை உயர்த்துவார். நான் ஒருமுறை அந்த விரலைப் பார்த்த பிறகு, தயாரிப்பில் சம்பளம் நிலுவையில் இருப்பதாக உதவியாளர்கள் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். நடிகர் நிதானமாக, நியாயமாகவே பதில் சொன்னார். அவருக்கு அதில் கோபமே இல்லை. ஆனால் அந்த மக்கள் தொடர்பு நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ ஓராண்டுக்கு எங்கள் இதழுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. யாரும் எதுவும் எழுதித் தரவில்லை, திட்டவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆசிரியரும் என்னைக் கண்டிக்கவில்லை. அடுத்த முறை அப்படி ஒரு பேட்டி வந்தபோது வேறு ஒருவரை அனுப்பினார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இதில் யார் காசு வாங்கினார்கள்? யாரும் வாங்கவில்லை. அவர் எடுத்து அச்சான பேட்டியில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. கேட்கப்படாத அந்தக் கேள்வி மட்டும் அதில் இல்லை. சினிமாச் செய்தியில் பெரும்பாலான பொய் இப்படித்தான் நடக்கிறது. எழுதியதைத் தேடிப் பார்த்தால் அகப்படாது.

இதன் முற்றிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவில் படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் தரப்படும் கோல்டன் குளோப் விருதுகளின் கதையைப் பாருங்கள். அந்த விருதுகளை வழங்கி வந்த ஹாலிவுட் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தில் ஏறத்தாழ 87 பேர்தான் உறுப்பினர்களாக இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியிட்ட விசாரணையில், அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை என்பதும், 2019இல் முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பைப் பார்க்கப் பாரிஸ் போய் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இரண்டு இரவுகள் தங்க வைக்கப்பட்டதும் வெளிவந்தன. அந்தத் தொடர் பிறகு இரண்டு பரிந்துரைகளைப் பெற்றது. அந்த விருந்தோம்பலுக்காகத்தான் பரிந்துரை கிடைத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது; நானும் சொல்ல மாட்டேன். சலசலப்பு பெரிதாகி, 2022 விழாவை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. 2023இல் விருதுகள் விற்கப்பட்டுச் சங்கமும் கலைக்கப்பட்டது. வாங்கிய நிறுவனங்களில் ஒன்று டிக் கிளார்க் புரொடக்‌ஷன்ஸ். அதில் பங்கு வைத்திருக்கும் பென்ஸ்கி குழுமத்திடம்தான் 1905இல் தொடங்கிய வெரைட்டி, 1930இல் தொடங்கிய ஹாலிவுட் ரிப்போர்ட்டர், இணையத்தில் வளர்ந்த டெட்லைன் ஆகிய மூன்று தொழில்முறைப் பத்திரிகைகளும் இருக்கின்றன. விருதைக் கொடுப்பவரும், விருதைப் பற்றி எழுதுபவரும், விருதுக்காக முழுப்பக்க விளம்பரம் வாங்குபவரும் ஒரே வீட்டுக்காரர். அங்கே வேலை செய்யும் நிருபர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ளாதவரை இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது.

'பிரத்யேகச் செய்தி' என்ற முத்திரையோடு வருவதைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது இன்று வெளிவருவதால் யாருக்கு லாபம்? 'இன்ன இயக்குநர் இன்ன நடிகரோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார்' என்ற செய்தி பெரும்பாலும் நடிகரின் முகவரிடமிருந்து வரும்; வேறொரு தயாரிப்பாளரிடம் சம்பளத்தை உயர்த்துவதற்காகக்கூட வரும். செய்தி பொய்யாக இருக்காது. பேச்சுவார்த்தை என்பது ஒரு தொலைபேசி அழைப்பாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். நான் மேசையில் இருந்த காலத்தில் அப்படி வெளியிட்ட செய்திகளில் எத்தனை படமானது என்று ஒரு மழைக்கால மதியம் வேலையில்லாமல் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன்.

அடுத்து எம்பார்கோ. வெளியீட்டுக்கு முன்பே படத்தைக் காட்டி, இன்ன தேதி இன்ன மணிக்கு முன் விமர்சனம் வரக்கூடாது என்று கையெழுத்து வாங்குவார்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை. நிதானமாக எழுத நேரம் கிடைக்கிறது. ஆனால் அந்த நேரத்தை யார் எங்கே வைக்கிறார்கள் என்பது உங்களுக்குக் கிடைக்கும் நல்ல துப்பு. தங்கள் படத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் வெளியீட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே விமர்சனங்களைத் திறந்துவிடுவார்கள். வெளியீட்டு நாள் வரை பூட்டி வைத்தாலோ, முன்காட்சியே இல்லாவிட்டாலோ சந்தேகப்படலாம். இது விதி அல்ல. கதையின் முடிச்சு வெளியே கசிந்துவிடும் என்று பயந்து நல்ல படத்தையும் பூட்டி வைப்பார்கள். சில ஆண்டுகளாக இதில் இன்னொரு படியைச் சேர்த்திருக்கிறார்கள். முழு விமர்சனத்துக்குப் பல நாட்கள் முன்பே, 'சமூக வலைதளத்தில் இரண்டு வரி கருத்து மட்டும் சொல்லலாம்' என்று ஒரு நேரத்தைத் திறந்துவிடுகிறார்கள். அந்த அறைக்கு அழைக்கப்படுகிறவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். படம் பார்த்த சூட்டோடு இரண்டு வரியில் யாரும் குறை சொல்வதில்லை. சொல்ல இடமும் இல்லை. நீங்கள் ஏமாந்ததாகச் சொல்லும் 'எல்லோரும் பாராட்டினார்கள்' என்பதில் எத்தனை பங்கு இந்த இரண்டு வரிகள், எத்தனை பங்கு உண்மையான விமர்சனங்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

'எல்லோரும்' என்ற சொல்லையே கொஞ்சம் பிரிக்க வேண்டும். ராட்டன் டொமேட்டோஸ் 1998இல் தொடங்கிய தளம். அங்கே வரும் சதவீதம் மதிப்பெண் அல்ல, நூற்றுக்கு எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு. பத்துக்கு ஆறு என்று கொடுத்த நூறு பேர் இருந்தால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம். நாற்பது பேர் பத்துக்குப் பத்து கொடுத்து, அறுபது பேர் பத்துக்கு ஐந்து கொடுத்தால் 40 சதவீதம். முதல் படம் யாருக்கும் தொந்தரவு தராத சாதாரணப் படம். இரண்டாவது நாற்பது பேரின் உயிரை உலுக்கிய படம். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் மேலே நிற்கும். சதவீதத்தைப் பார்த்தால் அது, அந்தத் தளத்தின் மொழியில், அழுகிய தக்காளி. 'பரவாயில்லை' என்று நூறு பேர் முணுமுணுத்ததை 'அற்புதம்' என்று படித்துவிட்டுப் போனால், ஏமாற்றத்துக்கு விமர்சகர்களை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை.

எண்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் வசூலையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் சினிமாச் செய்தியில் மிகவும் துணிச்சலாகச் சொல்லப்படுவதும் மிகவும் குறைவாகச் சோதிக்கப்படுவதும் அதுதான். ஹாலிவுட்டில் வார இறுதி வசூல் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிவரும் எண்ணில் ஞாயிற்றுக்கிழமையின் வசூலும் சேர்ந்திருக்கும். அந்த நாளின் காட்சிகள் இன்னும் ஓடி முடியவே இல்லை! ஸ்டுடியோ தானே மதிப்பிட்டுத் தருகிறது; திங்கட்கிழமை சரியான எண் வரும்; அதற்குள் தலைப்புச் செய்தி போயிருக்கும். அடுத்தது, மொத்த வசூல் முழுவதும் தயாரிப்பாளருக்குப் போவதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதி, சீனாவில் கால்வாசி அளவுதான் ஸ்டுடியோவுக்குத் திரும்பும். சொல்லப்படும் பட்ஜெட்டில் விளம்பரச் செலவு சேராது. ஆகவே '20 கோடியில் எடுத்து 30 கோடி வசூல், வெற்றி' என்ற செய்தியைப் படித்தால், அந்தப் படம் நஷ்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபக்கமும் உண்டு: பெரும் வசூல் கண்ட 'கமிங் டு அமெரிக்கா' படத்தில் பாரமவுண்ட் நிறுவனம் நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டியது. அதன் மூலக்கரு தன்னுடையது என்று எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் தொடுத்த வழக்கில், 1990இல் நீதிமன்றம் அந்தக் கணக்கு முறையை மனசாட்சிக்கு ஒவ்வாதது என்றது. பத்திரிகைக்கு ஒரு கணக்கு, பங்குதாரருக்கு ஒரு கணக்கு. நிருபர் எதைப் பார்த்து எழுதுகிறார் என்று நினைக்கிறீர்கள்?

தொலைக்காட்சியில், குறிப்பாக இணையவழித் தொடர்களில், அளக்கும் கோலையே மாற்றிக்கொண்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் ஒரு காலத்தில் படத்தையோ ஓர் அத்தியாயத்தையோ 70 சதவீதம் பார்த்தால்தான் ஒரு பார்வை என்று எண்ணியது. 2020 தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும் என்று மாற்றியது. இதனால் எண்ணிக்கை சராசரியாக 35 சதவீதம் கூடுதலாக வரும் என்று அதுவே சொன்னது. 2021 இறுதியில் மொத்த மணிநேரத்துக்கு மாறியது. 2023இல் மொத்த மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவதே பார்வை என்றது. ஆகவே '2019இன் சாதனையை 2020இல் முறியடித்த தொடர்' என்ற தலைப்பு, கிலோவில் நிறுத்ததையும் படியில் அளந்ததையும் ஒப்பிடுவது போன்றது. அந்தத் தலைப்பை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன். அப்போது எனக்கு இரண்டு நிமிட விவகாரம் உறைக்கவில்லை. தொடர்களின் விமர்சனத்தைப் பற்றி ஒரு வரி: பெரும்பாலும் முதல் மூன்று நான்கு அத்தியாயங்களைத்தான் முன்கூட்டியே விமர்சகருக்கு அனுப்புவார்கள். நல்ல விமர்சகர் அதை எழுத்திலேயே சொல்லிவிடுவார். சொல்லாதவர் பத்து மணிநேரக் கதைக்கு மூன்று மணிநேரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார்.

இப்போது உங்கள் தயவுதாட்சண்யம் இல்லாத ஆளுக்கு வருகிறேன். கடுமை நேர்மையின் அடையாளம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. பாராட்டுக்கு விலை உண்டு என்று தெரிந்த பிறகு, திட்டுவதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று தோன்றும். கொடுப்பவர் இருக்கிறார்: நீங்கள்தான். பாராட்டும் விமர்சனத்தைவிடத் திட்டும் விமர்சனத்தை அதிகம் பேர் பார்க்கிறார்கள், நண்பருக்கு அனுப்புகிறார்கள், மேற்கோள் காட்டுகிறார்கள். பார்வையை வைத்துப் பிழைக்கிறவருக்குக் கோபம் ஒரு சரக்கு. அந்தச் சரக்கை வாரா வாரம் கடையில் வைத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டால், கோபத்துக்குத் தகுதியான படம் வராத வாரத்திலும் கோபம் வரும். பட நிறுவனத்துக்குக் கட்டுப்படாதவர் தன் ரசிகர் கூட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார். அந்தக் கூட்டம் ஒரு மக்கள் தொடர்பாளரைவிடக் கறாரான எஜமான். கதவருகே நின்று விரலை உயர்த்தாது; ஒட்டுமொத்தமாக எழுந்து போய்விடும்.

இதை அடுத்தவரைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும்போது எழுதிய ஒரு விமர்சனம், என் பெயரை அலுவலகத்துக்கு வெளியே தெரிய வைத்தது. படத்தை ஒரே வாக்கியத்தில் கொன்றிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பிறகு பலர் எனக்கே சொல்லிக் காட்டினார்கள். நான் யாரிடமும் சொல்லாதது இது: அந்த வாக்கியம் படம் தொடங்கி முக்கால் மணிநேரத்தில், இருட்டில், மடியில் இருந்த குறிப்பேட்டில் எழுதியது. எழுதியவுடன் ஒரு சந்தோஷம் வந்தது. மீதிப் படத்தை அந்த வாக்கியத்துக்குச் சாட்சி தேடிக்கொண்டு பார்த்தேன். சாட்சி கிடைத்தது; தேடினால் எந்தப் படத்திலும் கிடைக்கும். சில ஆண்டுகள் கழித்து வீட்டில் தொலைக்காட்சியில் அதே படம் ஓடியது. இரண்டாம் பாதியில் ஒரு தகப்பனும் மகளும் சமையலறையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொள்ளும் நீண்ட காட்சி ஒன்று. நன்றாக இருந்தது. அதைத் திரையரங்கில் பார்த்த நினைவே எனக்கு இல்லை. குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காட்சி வந்திருக்க வேண்டிய இடத்தில், என் வாக்கியத்தின் இன்னும் கூர்மையான வடிவம் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. நான் எழுதியது நேர்மையான விமர்சனமும் இல்லை.

ஆகவே கடுமையாக இருக்கிறாரா என்று பார்ப்பதைவிட, தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் துணிச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். 1967இல் 'போனி அண்ட் கிளைட்' வந்தபோது நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டர்ன் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிறகு சாதாரணப் பார்வையாளர்களோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அடுத்த இதழிலேயே தன் முதல் விமர்சனம் தவறு என்று எழுதினார். புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2003 கான் திரைப்பட விழாவில் 'தி பிரவுன் பன்னி' படத்தை, அந்த விழாவின் வரலாற்றிலேயே மிக மோசமான படம் என்றார். இயக்குநர் வின்சென்ட் கேலோவும் அவரும் பத்திரிகைகளில் ஒருவரை ஒருவர் அசிங்கமாகத் திட்டிக்கொண்டார்கள். படம் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டு 2004இல் திரையரங்குக்கு வந்தபோது, அதே ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்து, வெட்டியதால் படம் எப்படி வேறொன்றாக மாறியது என்று விளக்கினார். அதே ஈபர்ட் 2008இல் ஒரு படத்தை எட்டு நிமிடம் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதினார். கடைசிப் பத்தியில் அதை ஒப்புக்கொண்டார், வாசகர்கள் பிடித்துக் காய்ச்சிய பிறகு முழுப் படத்தையும் பார்த்து மறுபடி எழுதினார். எட்டு நிமிட வேலையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எட்டு நிமிடம் என்று சொன்னாரே, அது முக்கியம். நான் முக்கால் மணிநேரத்தைச் சொல்லவில்லை.

சினிமா நிருபர்கள் மேல் எனக்கு இருக்கும் உண்மையான குறை விமர்சனத்தில் இல்லை. 2017 அக்டோபர் 5ஆம் தேதி ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வெய்ன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் பற்றிய செய்தியை நியூயார்க் டைம்ஸில் ஜோடி கேன்டரும் மேகன் டூஹியும் வெளியிட்டார்கள். சில நாட்களில் நியூயார்க்கரில் ரோனன் ஃபேரோவின் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு இரண்டு பத்திரிகைகளும் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டன. இவர்களில் யாரும் ஹோட்டல் தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்துக்காகக் காத்திருக்கும் நிருபர்கள் அல்லர். பல ஆண்டுகளாக அந்த மனிதரின் விருந்துகளுக்குப் போய், அவர் படங்களின் விருது வாய்ப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களிடமிருந்து அந்தச் செய்தி வரவில்லை. சிலர் முயன்றிருப்பார்கள், சாட்சி கிடைக்காமல் விட்டிருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் தினமும் உள்ளே போய் வருகிறவர்களால் முடியாதது, உள்ளே போக வேண்டிய தேவையே இல்லாதவர்களால் முடிந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

விமர்சனத்தைப் படித்துவிட்டுப் போவதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்துவிட்டுப் படிக்கிறேன். ஒரு விமர்சகரை எடைபோட வேண்டுமானால், நீங்கள் ஏற்கெனவே பார்த்த பத்துப் படங்களைப் பற்றி அவர் எழுதியதைத் தொடர்ந்து படித்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். உங்களோடு ஒத்துப்போகிறாரா என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. படத்தில் உண்மையில் இருக்கும் ஒரு காட்சியை, ஒரு வசனத்தை, ஒரு வெட்டைக் காட்டி அவர் பேசுகிறாரா, அல்லது அந்தப் படத்தைப் பார்க்காமலும் எழுதியிருக்கக் கூடியதை எழுதுகிறாரா என்று பாருங்கள். எதிர்க் கருத்துடைய விமர்சகரிடமிருந்தும் 'எனக்கு இது பிடிக்கும்' என்று துல்லியமாகக் கண்டுகொள்ள முடிந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். என் முன்னாள் சக ஊழியர் ஒருவர் வெறுத்த படங்களை நான் பத்து ஆண்டுகளாக ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அநேகமாக ஏமாந்ததில்லை.

நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கடுமையான விமர்சகரின் காணொளிகளில் கடைசிப் பன்னிரண்டை நேற்று இரவு பார்த்தேன். அவர் காசு வாங்குகிறாரா என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. எந்த விமர்சகரைப் பற்றியும் அப்படிச் சொல்ல மாட்டேன். பேச்சில் வேகம் இருக்கிறது, இரண்டு இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். பன்னிரண்டில் பதினொன்று, அந்த வாரத்தின் மிகப் பெரிய படத்தைப் பற்றியது. ஒன்பதில் படத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் பேச்சு அப்படியே பொருந்தும். நீங்கள் ஏமாந்த படத்தைப் பற்றிய காணொளியில் மட்டும், இரண்டாம் பாதியில் கதாநாயகியின் முடிவு ஏன் ஒட்டவில்லை என்று நான்கு நிமிடம், காட்சி காட்சியாக விளக்குகிறார். அந்த நான்கு நிமிடம் நல்ல விமர்சனம். அதில் அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை.